கம்ப்யூட்டர் கேபினெட் வாங்கும் முன் இஞ்ச் டேப்பை எடுங்கள்: படிப்படியான முழு வழிகாட்டி

எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். ஒரு போட்டோ: கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஏழெட்டு ஃபேன், ஊதா வெளிச்சம். கீழே, "அண்ணா, இது வாங்கலாமா?" உள்ளே என்ன போடப் போறே தம்பி என்று கேட்டால், "அது இன்னும் முடிவு பண்ணலண்ணா" என்று பதில் வரும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வாசல் அகலம் பார்க்காமல் பீரோ வாங்கி, அதை வராந்தாவிலேயே நிறுத்தி வைத்த வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். கேபினெட் விஷயத்திலும் அதேதான் நடக்கிறது. பெட்டிக்குள் போகும் பொருள்களை முதலில் முடிவு செய்யுங்கள். அளவு, காற்று, வயர் என்று வரிசையாக வடிகட்டுங்கள். அழகைப் பார்க்கும் நேரம் அதற்குப் பிறகுதான். அழகு தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. ஐந்தாறு வருஷம் கண்ணெதிரே நிற்கப்போகிற பொருள், பிடித்த மாதிரி இருக்கத்தான் வேண்டும். வடிகட்டிய பிறகு மிஞ்சும் நாலைந்து மாடல்களில் அழகைத் தேடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: மதர்போர்டு (மற்ற பாகமெல்லாம் சொருகும் பலகை), கிராபிக்ஸ் கார்டு, கூலர் (பிராசஸரைக் குளிர்விப்பது), எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), ராம் ஆகிய ஐந்துக்கும் முழு மாடல் பெயர், ஒவ்வொன்றுக்கும் தயாரித்த கம்பெனியின் சொந்தத் தளத்தில் உள்ள அளவு விவரம், ஒரு இஞ்ச் டேப், ஒரு தாள். விற்பனைத் தளங்களில் போட்டிருக்கும் அளவுகளை நம்ப வேண்டாம். அட்டைப்பெட்டியின் அளவைக் கேபினெட்டின் அளவாகப் போட்டிருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

1. முதலில் மேஜையை அளங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். நம் ஊர் ஃபர்னிச்சர் கடைகளில் விற்கும் கம்ப்யூட்டர் டேபிளில் "சிபியு வைக்கிற இடம்" என்று ஒரு அறை இருக்கும். அது பழைய ஒல்லியான பெட்டிகளுக்காகச் செய்தது. இன்றைய மிட் டவர் கேபினெட் ஒன்றின் அகலமே 210 முதல் 230 மி.மீ. வரை இருக்கும், உயரமும் ஆழமும் 450 மி.மீ. பக்கம் வரும். மீன் தொட்டி மாதிரி இரண்டு பக்கம் கண்ணாடி வைத்த இரட்டை அறை மாடல்கள் 280, 300 மி.மீ. அகலம் போகும். அவை அந்த அறைக்குள் நுழையவே நுழையாது.

நுழைந்தாலும், பின்பக்கம் பலகை அடைத்திருந்தால் வெளியே தள்ளிய சூடான காற்று சுற்றிக்கொண்டு முன்பக்கமே திரும்பி வரும். பின்னால் ஒரு சாண் இடமாவது விடுங்கள். எச்டிஎம்ஐ கேபிளை வளைக்கவும் அந்த இடம் வேண்டும்.

இன்னொன்று, கண்ணாடி எந்தப் பக்கம் என்று பாருங்கள். பெரும்பாலான கேபினெட்டுகளை முன்னால் நின்று பார்த்தால் கண்ணாடி இடப்பக்கம் இருக்கும். ஆகவே பெட்டி உங்கள் வலக்கைப் பக்கம் இருந்தால்தான் கண்ணாடி உங்களைப் பார்க்கும். இடக்கைப் பக்கம் வைக்கத்தான் இடம் இருக்கிறது என்றால், காசு கொடுத்து வாங்கிய அத்தனை வெளிச்சத்தையும் சுவர்தான் ரசிக்கும். இதை வாங்கிய பிறகு கண்டுபிடித்தவர்கள் உண்டு.

2. மதர்போர்டு அளவு

இது எளிது. ஏடிஎக்ஸ் போர்டு 305 × 244 மி.மீ.; மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244; மினி ஐடிஎக்ஸ் 170 × 170. பெரிய கேபினெட்டில் சின்ன போர்டு உட்காரும். சின்னதில் பெரியது உட்காராது.

இ-ஏடிஎக்ஸ் என்ற சொல்லைப் பார்த்தால் மட்டும் நின்று கவனியுங்கள். ஏட்டளவில் அது 305 × 330. ஆனால் 244-ஐக் கொஞ்சம் தாண்டிய எதையும் இ-ஏடிஎக்ஸ் என்றே எழுதிவிடுகிறார்கள். "இ-ஏடிஎக்ஸ் ஆதரவு" என்று போட்டிருக்கும் கேபினெட்டில் 280 மி.மீ. வரைதான் இடம் இருக்கலாம். எண்ணை எண்ணோடு ஒப்பிடுங்கள், பெயரைப் பெயரோடு ஒப்பிடாதீர்கள்.

வயரெல்லாம் பின்பக்கம் சொருகும் மதர்போர்டுகளும் இப்போது வருகின்றன. ஏசூஸில் பிடிஎஃப், எம்எஸ்ஐயில் புராஜெக்ட் ஜீரோ என்று பெயர். அவற்றுக்குத் தகடில் தனியாக ஓட்டை வெட்டிய கேபினெட்தான் வேண்டும். சாதாரணப் பெட்டியில் அந்த போர்டை மாட்டவே முடியாது.

முதல்முறை அசெம்பிள் செய்கிறவர்கள் மினி ஐடிஎக்ஸ் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. பெட்டி சின்னதாக ஆக, எஸ்எம்பிஎஸ்ஸும் எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன அளவாக மாறும், கூலரும் குட்டையாகும், எல்லாவற்றுக்கும் விலை ஏறும். ஒரு வயரைத் தப்பாகச் சொருகினால் பாதியைக் கழற்ற வேண்டியிருக்கும். ஆசை இருந்தால் இரண்டாவது கம்ப்யூட்டரில் செய்யுங்கள்.

3. கார்டு, கூலர், ரேடியேட்டர், எஸ்எம்பிஎஸ்: நான்கு அளவுகள்

முழு வேலையிலும் நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டிய படி இது. தாளில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் வரி, கிராபிக்ஸ் கார்டின் நீளம். சிப்பின் பெயரை வைத்து நீளம் சொல்ல முடியாது. ஆர்டிஎக்ஸ் 4070 என்பது என்விடியாவின் சொந்த மாடலில் 244 மி.மீ.; மூன்று ஃபேன் வைத்த மற்ற கம்பெனி மாடல்களில் 300-ஐத் தொட்டும் தாண்டியும் போகிறது. ஆகவே நீங்கள் வாங்கப்போகும் அதே மாடலின் நீளம் வேண்டும்.

கேபினெட் பக்கத்தில் "கார்டு நீளம் 360 மி.மீ. வரை" என்று இருக்கும். கோர்சேர் 4000டி ஏர்ஃப்ளோ அப்படித்தான் சொல்கிறது. இது முன்பக்கம் ரேடியேட்டர் (தண்ணீர் கூலரின் சூட்டை வெளியேற்றும் பகுதி) இல்லாத கணக்கு. முன்னால் ரேடியேட்டர் வைத்தால் அதன் தடிமன் சுமார் 27 மி.மீ. கழியும். ஃபேனின் 25 மி.மீ. ஏற்கெனவே கழித்த கணக்கா இல்லையா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தெளிவாகச் சொல்லியிருக்காவிட்டால் 52 மி.மீ. கழித்துக்கொள்ளுங்கள். 360 சட்டென்று 308 ஆகிவிடும்.

நீளத்தோடு அகலமும் முக்கியம், குறிப்பாக 16 பின் பவர் கனெக்டர் உள்ள கார்டுகளில். அந்த வயர் கனெக்டரிலிருந்து ஏறக்குறைய 35 மி.மீ. நேராக வந்த பிறகே வளைய வேண்டும். வாயிலேயே மடக்கினால் தொடர்பு தளர்ந்து சூடேறும். ஆர்டிஎக்ஸ் 4090-இன் என்விடியா மாடல் 137 மி.மீ. அகலம். அதோடு 35 சேர்த்தால் 172. கண்ணாடி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று எங்கும் எழுத மாட்டார்கள். கேபினெட்டின் கூலர் உயர எண்ணையே தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். அது 160 என்றால், கண்ணாடியை மூடும்போது வயர் நசுங்கும்.

இரண்டாவது வரி, கூலரின் உயரம். தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ 155 மி.மீ.; டீப்கூல் ஏகே620 160; நாக்டுவா என்எச்-டி15 165. குறைந்த விலைக் கேபினெட்டுகள் பல 160-க்கும் கீழே நின்றுவிடுகின்றன. இரண்டு மூன்று மி.மீ.யாவது மிச்சம் இருக்கிற மாதிரி பாருங்கள்.

இங்கே ராமும் உள்ளே வரும். என்எச்-டி15 இரண்டு ஃபேனோடு 165 என்று சொல்வது, ராம் 32 மி.மீ. உயரம் இருக்கும்போது. விளக்கு வைத்த ராம் 44 மி.மீ. வரை வரும். அப்போது முன் ஃபேனை 12 மி.மீ. தூக்கி மாட்ட வேண்டும். மொத்தம் 177 ஆகிவிடும். கேபினெட் 170 வரைதான் என்றால் கண்ணாடி மூடாது. "165தானே, 170-க்குள்ள வந்துடுமே" என்று கணக்குப் போட்ட ஒரு நண்பர் ஒற்றை ஃபேனோடு ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது வரி, தண்ணீர் கூலர் என்றால் ரேடியேட்டர். "360" என்பது மூன்று 120 மி.மீ. ஃபேன்களின் கூட்டல். இரண்டு முனைகளிலும் உள்ள தொட்டிகளையும் சேர்த்தால் நிஜ நீளம் 395, 400 மி.மீ. பக்கம் வரும். மேல்பக்கம் மாட்டுவதென்றால் ரேடியேட்டரும் ஃபேனும் சேர்ந்து 52 மி.மீ. கீழே இறங்கும். போர்டின் மேல் விளிம்புக்கும் கூரைக்கும் நடுவே அவ்வளவு இடம் இல்லாவிட்டால் ராமிலோ, பவர் பகுதி ஹீட்சிங்கிலோ போய் முட்டும். "360 ரேடியேட்டர் ஆதரவு" என்ற வரி முன்பக்கத்துக்கு மட்டுமா, மேலுக்கும் சேர்த்தா என்று பாருங்கள்.

நான்காவது வரி, எஸ்எம்பிஎஸ்ஸின் நீளம். ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அகலம் 150, உயரம் 86 என்பது நிலையானது. நீளம் மட்டும் 140, 160, 180 என்று மாறும். மாடுலர் (வயரைத் தனியாகச் சொருகும் வகை) என்றால் வயர் சொருகி வளைய இன்னும் 40, 50 மி.மீ. வேண்டும். அதே இடத்தில்தான் ஹார்டு டிஸ்க் கூண்டு உட்கார்ந்திருக்கும். கூண்டைக் கழற்ற முடியுமா, நகர்த்த முடியுமா என்று பாருங்கள். ரிவெட் அடித்த கூண்டு என்றால் டிரில்லிங் மெஷினைத் தேட வேண்டியிருக்கும்.

4. காற்று போகும் வழி

அளவில் தேறிய மாடல்களை இப்போது காற்றுக்கு நிறுத்துங்கள். கேபினெட்டுக்கு ஏசி கிடையாது. அறையின் சூட்டுக்குக் கீழே உள்ளே எதுவும் குளிராது. அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி உள்ளேயும் ஏறும். 22 டிகிரி அறையில் எடுத்த ரிவியூவில் 70 டிகிரி காட்டிய கார்டு, மே மாதம் 37 டிகிரி இருக்கிற மாடி அறையில் 85-ஐத் தொடும், அல்லது அதைத் தொடாமலிருக்க ஃபேனை அலற விடும். சென்னையிலோ மதுரையிலோ ஏசி இல்லாத அறையில் வைக்கிறவர்களுக்கு முன்பக்கம் திறந்த கேபினெட் ஆடம்பரமே இல்லை.

முன்பக்கத்தைப் பாருங்கள். வழவழவென்று மூடிய பலகை, ஓரத்தில் மட்டும் ஒரு விரல் நுழையும் இடைவெளி என்றால் அது மூச்சடைப்பு. என்இசட்எக்ஸ்டியின் எச்510 அப்படி மூடிய முகத்தோடு நன்றாக விற்றது. பின்னால் அதே பெட்டிக்கு ஓட்டை போட்ட முகம் வைத்து எச்510 ஃப்ளோ என்று அவர்களே கொண்டுவந்தார்கள். லியான் லியின் லான்கூல் 216 முன்னால் இரண்டு 160 மி.மீ. ஃபேன்களோடு வருவதும் இதே காரணத்துக்காகத்தான். ஃபேன் பெரிதானால் மெதுவாகச் சுற்றியே போதுமான காற்றைத் தள்ளும், சத்தமும் குறையும்.

கடையில் நேரில் பார்க்கிறீர்கள் என்றால் ஒரு சோதனை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் நான் எப்போதும் செய்வது. செல்போன் டார்ச்சைப் போட்டு முன் வலையின் பின்னால் பிடியுங்கள். வெளிச்சம் தாராளமாக வந்தால் காற்றும் வரும். வெளியே வலை, அதன் பின்னால் பிளாஸ்டிக் சட்டம், அதற்கும் பின்னால் தடித்த ஃபில்டர் என்று மூன்று அடுக்கு இருந்தால் வெளிச்சம் மங்கிவிடும். "மெஷ் ஃப்ரன்ட்" என்று அட்டையில் எழுதியிருப்பதை விட இந்த வெளிச்சத்தை நம்பலாம்.

ஃபேன் அமைப்பு: முன்னால் இரண்டோ மூன்றோ உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியேற்ற. விளையாட்டுக்கான பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்கு இது போதும். உள்ளே வருவது வெளியே போவதை விடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், தூசி ஃபில்டர் வழியாக மட்டுமே வரும். குறைவாக இருந்தால் ஃபில்டர் இல்லாத ஒவ்வொரு சந்து வழியாகவும் இழுக்கும். மேல்பக்கம் முன் மூலையில் வெளியேற்றும் ஃபேன் வைக்காதீர்கள். அப்போதுதான் உள்ளே வந்த குளிர்ந்த காற்றைக் கூலருக்குப் போகும் முன்பே அது வெளியே தூக்கி எறிந்துவிடும்.

ஃபேனைத் திருப்பி மாட்டுவது அடிக்கடி பார்க்கும் தப்பு. வழக்கமான ஃபேனில் திறந்த முகம் இழுக்கும். மோட்டாரைத் தாங்கும் நான்கு கால்கள் உள்ள பக்கம் தள்ளும். மீன் தொட்டி மாடல்களுக்கென்று இறக்கை திருப்பி வைத்த ரிவர்ஸ் ஃபேன்களும் வருகின்றன. அவற்றில் இந்தக் கணக்கு தலைகீழ். ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைப் பிடித்துப் பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை.

ஃபில்டர் எந்தப் பக்கம் உருவ வருகிறது என்றும் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் கீழ் ஃபில்டர் பின்பக்கமாக வந்தால், சுவரோரம் இருக்கும் பெட்டியை நீங்கள் நகர்த்தப் போவதில்லை. அதைச் சுத்தம் செய்யப் போவதும் இல்லை. முன்பக்கமாக வருவது நல்லது. தரையில் வைக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். காலையில் வீடு பெருக்கும்போது எழும்பும் தூசி முதலில் போகிற இடம் அதுதான்.

5. ஃபேன் வயர்களை எண்ணுங்கள்

"6 ஆர்ஜிபி ஃபேன் (வண்ண விளக்கு வைத்தது) இலவசம்" என்று இருந்தால், அந்த ஃபேன்களின் வயர் எப்படி முடிகிறது என்று கேளுங்கள். நான்கு வகை பார்க்கலாம். 4 பின் என்றால் வேகத்தை மதர்போர்டு நேராகக் கட்டுப்படுத்தும். 3 பின் என்றால் மின்னழுத்தத்தைக் குறைத்துக் கட்டுப்படுத்தலாம். மோலெக்ஸ் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக முழு வேகம், ராத்திரியும் பகலும். கடைசி வகை 6 பின்: அதே கேபினெட்டோடு வரும் கன்ட்ரோலரில் மட்டுமே சேரும். ஒரு ஃபேன் கெட்டால் வெளியில் வாங்கி மாற்ற முடியாது. குறைந்த விலைப் பெட்டிகளில் இந்தக் கடைசி வகையே அதிகம்.

விளக்கு வயரில் உயிர்போகும் தப்பு ஒன்று உண்டு. ஏஆர்ஜிபி என்பது 5 வோல்ட், 3 பின். பழைய ஆர்ஜிபி 12 வோல்ட், 4 பின். 5 வோல்ட் ஃபேனை 12 வோல்ட் இணைப்பில் தப்பாகச் சொருகினால் விளக்குகள் அந்த நொடியே போய்விடும். போர்டில் எந்த இணைப்பு எத்தனை இருக்கிறது என்று மேனுவலில் பார்த்துவிட்டே ஃபேனை வாங்குங்கள்.

போர்டில் ஒரு ஃபேன் இணைப்பு பொதுவாக 1 ஆம்பியர் வரை தாங்கும். ஃபேனின் முதுகில் உள்ள ஸ்டிக்கரில் ஆம்பியர் எழுதியிருக்கும், 0.2 என்றால் ஓர் இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டு மூன்றைத் தாராளமாக ஓட்டலாம். அதற்கு மேல் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஹப் வாங்கிவிடுங்கள்.

முன்பக்க யூஎஸ்பி டைப்-சி துளையும் இதே கதைதான். போர்டில் அதற்கான தனி இணைப்பு இல்லாவிட்டால் அந்தத் துளை வெறும் அலங்காரம்.

6. இப்போது அழகு

தாளில் நாலைந்து பெயர்கள் மிஞ்சியிருக்கும். இனி மனசுக்குப் பிடித்ததைப் பாருங்கள். ஆனால் ஒவ்வொரு அழகுக்கும் ஒரு கூலி உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கண்ணாடி. டெம்பர்டு கிளாஸின் நடுவில் அடித்தால் தாங்கும். ஓரமும் மூலையும்தான் அதன் பலவீனம். நம் வீட்டுத் தரையெல்லாம் டைல்ஸ். கழற்றிய கண்ணாடியை டைல்ஸ் மேல் நிமிர்த்தி வைப்பது போல ஆபத்து எதுவும் இல்லை. டைல்ஸ் கண்ணாடியை விடக் கடினம். ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலே முழுதும் உப்புக்கல்லாக நொறுங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் சித்தி பையன் கண்ணாடியைத் தரையில் மெதுவாக, நிஜமாகவே மெதுவாக, வைத்தான். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். கையில் ஸ்க்ரூ டிரைவரோடு அப்படியே நின்றான். மூன்று நாள் கழித்தும் கட்டிலுக்கு அடியிலிருந்து துண்டுகள் வந்தன. அன்றிலிருந்து கண்ணாடியைக் கழற்றும் முன்பே கட்டிலில் ஒரு போர்வையை விரித்து வைத்துவிடுகிறேன்.

வெள்ளை. பெட்டி வெள்ளையானால் கறுப்பு எஸ்எம்பிஎஸ் வயர் கண்ணைக் குத்தும். பிறகு வெள்ளை வயர், வெள்ளைக் கார்டு, வெள்ளை கூலர் என்று ஒவ்வொன்றுக்கும் கூடுதல் பணம். வெள்ளை வேண்டும் என்றால் முழுப் பட்டியலையும் வெள்ளையில் விலை போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மரம். ஃப்ராக்டல் நார்த்தின் முன்பக்க மரப்பட்டைகள் விளக்கு வெளிச்சம் பிடிக்காதவர்களுக்கு நல்ல மாற்று. பட்டைகளுக்கு நடுவே காற்றுக்கும் வழி உண்டு. எனக்குப் பிடித்த பாணி இதுதான், ஒளிக்க ஒன்றுமில்லை.

மீன் தொட்டி. லியான் லியின் ஓ11 டைனமிக் பிரபலமாக்கிய வடிவம். முன்னாலும் கண்ணாடி என்பதால் காற்று கீழிருந்தும் பக்கத்திலிருந்தும்தான் வர வேண்டும். அந்த இடங்களில் ஃபேன் வைக்காமல் விட்டால் அது வெறும் காட்சிப் பெட்டி. அடியில் துணி விரித்த மேஜை மேல் வைத்தால் கீழ் வழியும் அடைபடும்.

கார்டைச் செங்குத்தாக நிறுத்துவது. கார்டை போர்டோடு இணைக்கும் ரைசர் கேபிள் வேண்டும். பிசிஐஇ என்பது கார்டு இணைப்பின் பெயர், எண் அதன் தலைமுறை; பழைய பிசிஐஇ 3.0 ரைசரில் 4.0 கார்டைச் சொருகினால் திரை வராமலோ அடிக்கடி தொங்கியோ போகலாம், பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) 3.0 என்று மாற்ற வேண்டியிருக்கும். கண்ணாடிக்கும் கார்டின் ஃபேனுக்கும் நடுவே இரண்டு விரல் இடமாவது இல்லையென்றால் அந்த ஆசையை விடுங்கள். ரைசர் என்பது விளையாட்டுப் பொருளல்ல: என்இசட்எக்ஸ்டியின் எச்1 பெட்டியில் ரைசரைத் தகடோடு பிணைத்த ஸ்க்ரூ ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம் என்று 2021-இல் அமெரிக்காவில் அந்த மாடலையே திரும்பப் பெற்றார்கள்.

7. தொட்டுப் பார்க்க வேண்டியவை

பக்கத் தகடைக் கழற்றி இரு மூலைகளில் பிடித்து லேசாக முறுக்குங்கள். அப்பளம் மாதிரி வளைந்தால், ஃபேன் சுற்றும்போது அது அதிரும்.

போர்டுக்குப் பின்னால் வயர் ஒளிக்கும் இடம் 20 மி.மீ.க்குக் குறைந்தால், 24 பின் வயரோடு தகடை மூடும்போது முழங்காலால் அழுத்த வேண்டியிருக்கும்.

கார்டு சொருகும் இடத்து மூடிகளைப் பாருங்கள். ஸ்க்ரூ போட்டவை நல்லது. உடைத்து எடுக்கும் வகை என்றால் ஒருமுறை உடைத்தால் திரும்ப மூட வழியில்லை. இதில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அப்படித் திறந்து கிடந்த ஒரு சந்து வழியாகத்தான் எங்கள் தெருவில் ஒருவர் கம்ப்யூட்டருக்குள் பல்லி போனது. எஸ்எம்பிஎஸ் வரை போய், அதையும் கொண்டு போனது.

8. விலையைக் கூட்டிப் பாருங்கள்

கேபினெட்டின் மேல் ஒட்டியிருக்கும் விலை பாதி விலைதான். உதாரணத்துக்கு ஒரு பெட்டி 4,500 ரூபாய், நல்ல 4 பின் ஃபேன் நான்கு உள்ளேயே இருக்கிறது. இன்னொன்று 6,500 ரூபாய், ஃபேன் ஒன்றும் இல்லை. மூன்று ஃபேன் தலா 700 என்றால் இரண்டாவதன் நிஜ விலை 8,600. ஓ11 டைனமிக் போன்ற பெயர்பெற்ற மாடல்கள்கூட ஃபேன் இல்லாமலே வந்தன. அவற்றில் ஏழு, ஒன்பது ஃபேன் நிரப்பிய படத்தைப் பார்த்து மயங்கியவர்கள், ஃபேன் செலவு பெட்டியின் விலையைத் தாண்டிய பிறகுதான் கணக்குப் பார்த்தார்கள்.

எவ்வளவு செலவழிக்கலாம்? மொத்தத்தில் ஃபேனும் சேர்த்து 7 முதல் 10 சதவீதம் என்பது என் கணக்கு. 80,000 ரூபாய் கம்ப்யூட்டருக்கு 6,000, 7,000. அதற்கு மேல் போகும் பணம் கிராபிக்ஸ் கார்டில் அடுத்த படி ஏற உதவும். ஒரு விதிவிலக்கு உண்டு: மற்ற எல்லாம் மாறினாலும் கேபினெட் மாறாது என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் போடலாம். ஏடிஎக்ஸ் துளைகள் எத்தனையோ வருஷமாக அதே இடத்தில்தான் இருக்கின்றன.

ஆனால் ஒருபோதும் செய்யக் கூடாதது, கேபினெட்டோடு "இலவசமாக" வரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸைக் கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில் போடுவது. "சார், 500 வாட்ஸ் சார்" என்பார்கள். ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்கினால் உண்மை தெரியும்.

9. பெட்டி வந்த அன்றே

கேபினெட்டைக் கடைசியாக முடிவு செய்யுங்கள், ஆனால் வந்ததும் முதலில் பிரியுங்கள். மற்ற பாகம் வரட்டும் என்று அட்டைப்பெட்டியோடு பத்து நாள் மூலையில் வைத்துவிட்டு, பிறகு திறந்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தால் யாரும் மாற்றித் தர மாட்டார்கள். ஒட்டிய டேப்பை வெட்டுவதிலிருந்து நிறுத்தாமல் வீடியோ எடுங்கள்.

பிறகு ஸ்டாண்ட்-ஆஃப். போர்டைத் தகடிலிருந்து தூக்கி நிறுத்தும் அந்தப் பித்தளைக் குமிழ்கள், போர்டின் துளை இருக்கும் இடங்களில் மட்டுமே இருக்க வேண்டும். ஏடிஎக்ஸுக்காகக் கம்பெனியே மாட்டிவைத்த ஒரு குமிழ், மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டின் முதுகில் துளை இல்லாத இடத்தில் உரசினால் ஷார்ட் ஆகும். போர்டை வைக்கும் முன் எண்ணுங்கள்.

வயர் எதையும் கட்டாமல், போர்டு, கூலர், கார்டு மூன்றையும் ஒருமுறை வைத்துக் கண்ணாடியை மூடிப் பாருங்கள். எது முட்டுகிறது என்று இப்போது தெரிந்தால் பத்து நிமிஷ வேலை. அத்தனை வயர் டையும் கட்டிய பிறகு தெரிந்தால் ஒரு மாலை போய்விடும்.

ஓடத் தொடங்கியதும் தகடைத் தொடும்போது கையில் சுருக்கென்று இழுத்தால், கேபினெட்டைத் திட்டாதீர்கள். பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கடைசிச் சோதனை. எல்லாம் மூடிய நிலையில் கனமான ஒரு விளையாட்டை அரைமணி நேரம் ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் கார்டின் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைக் கழற்றி, போர்வை மேல் வைத்துவிட்டு, அதே விளையாட்டு, அதே அரைமணி. வித்தியாசம் மூன்று நாலு டிகிரி என்றால் பெட்டி நன்றாக மூச்சு விடுகிறது. எட்டு, பத்து டிகிரி இறங்கினால் முன்பக்கக் காற்று போதவில்லை. முன்னால் இன்னொரு ஃபேன் சேர்த்துப் பாருங்கள். ஏற்கெனவே உள்ளதைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அப்படியும் இறங்கவில்லை, திருப்பித் தரும் நாளும் இன்னும் முடியவில்லை என்றால், யோசிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மிஞ்சும் ஸ்க்ரூக்களை ஒரு சின்னக் கவரில் போட்டு, காலியாக இருக்கும் ஹார்டு டிஸ்க் கூண்டுக்குள் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அடுத்த வருஷம் ஒரு எஸ்எஸ்டி சேர்க்கும்போது தேடுவீர்கள்.